விளக்கணைத்த கரை: காவிரிக் கடைமடையில் ஐந்து இரவுகள்

முதல் நாள்: தரங்கம்பாடிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு

சிவராத்திரி முடிந்த மறுநாள், அமாவாசையன்று காலையில் கும்பகோணத்திலிருந்து புறப்பட்டோம். கடற்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதானால் நிலவில்லாத இரவுகளில்தான் தங்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். எழுபத்திரண்டு வயதான அம்மா, மனைவி, ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், நான் என நால்வர்; வண்டியின் பின்புறத்தில் நால்வர் படுக்கும் கூடாரம் ஒன்று, அம்மாவுக்காக ஒரு மடக்குக் கட்டில், ஒற்றை பர்னர் அடுப்பு, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன்கள் ஆறு.

மயிலாடுதுறையைத் தாண்டிப் பொறையாறு வரையிலும் சாலையின் இருபுறமும் சம்பா அறுவடை முடிந்த வயல்கள். அறுப்புக்குப் பத்து நாளைக்கு முன்பே நிற்கும் பயிருக்குள் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும் நெற்தாள்களுக்கு இடையே முளைத்து வயல்களை மறுபடியும் பச்சையாக்கியிருந்தன. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடைமடை முழுவதும் தண்ணீரில் நிற்கும். சித்திரை பிறந்துவிட்டால் மணல் காலைச் சுடும். தை பாதிக்கு மேல் பங்குனி பாதி வரையிலான இரண்டு மாதங்களே இக்கரையில் துணிக்கூரையின் கீழ் படுத்துறங்க ஏற்ற காலம்.

தரங்கம்பாடியில் டென்மார்க்குக்காரர்களின் கோட்டையை மகளுக்குக் காட்டினோம். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் கட்டிய கோட்டை அது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். ஆனால் அங்கே என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது கோட்டைக்கு அருகில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த அக்கோயிலின் பெரும்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு கருங்கல்லில் கோயில் கட்டியவர்களுக்குக் கடல் எங்கே நிற்கும் என்று கணக்கு இல்லாமலா இருந்திருக்கும்? கரை நகரும். அதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இக்கரையில் எதையும் ஊன்ற வேண்டும்.

நாங்கள் தங்கியது அலையிலிருந்து முக்கால் கிலோமீட்டர் உள்ளே, மனைவியின் உறவினர் ஒருவருடைய தோப்பில். தென்னைக்கு அடியில் கூடாரம் அடிக்கலாகாது. குலை விழுந்தால் துணி தாங்காது. நான்கு மரங்களுக்கு நடுவே வானம் தெரியும் இடமாகப் பார்த்து விரித்தோம். கூடாரத்துடன் வந்த இரும்பு முளைகளை அடித்தால் ஈர்க்குச்சியைப் போல மணலுக்குள் சென்று அதே எளிமையில் வெளியே வந்தன. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான்கைந்து உரச்சாக்குகளைக் கொண்டுவந்து போட்டார்.

“முளை நிக்காது தம்பி. சாக்குல மணல அள்ளிக் கட்டி, முழங்கால் ஆழத்துக்குப் பொதைச்சு, அதுல கயித்தக் கட்டுங்க. வாடக்காத்து ராத்திரி பத்து மணிக்கு மேல ஏறும்.”

அவர் சொன்னபடியே செய்தோம். அவர் சொன்னபடியே காற்றும் ஏறியது. கூடாரத்தின் வாசலை வடகிழக்குக்கு எதிர்ப்புறமாகத் திருப்பி வைத்ததும் அவருடைய யோசனைதான். நான் செய்த பிழை ஒன்று உண்டு. மணல் உள்ளே வருகிறது என்று கூடாரத்தின் காற்றுத் திறப்புகளை எல்லாம் மூடிவிட்டேன். மாசிப் பனியும் நான்கு பேருடைய மூச்சும் சேர்ந்து, விடியற்காலையில் கூரைத் துணியின் உட்புறத்திலிருந்து முகத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கூரைத் துணிக்கும் உள்துணிக்கும் இடையே ஒரு சாண் வெளி விட்டு, தலைமாட்டுத் திறப்பைத் திறந்தே வைத்திருந்தால் இது நேர்ந்திருக்காது. கடற்கரைக்குக் கூடாரம் கொண்டு போகிறவர்கள் குளிருக்கு அஞ்சாமல் காற்றை உள்ளே விட வேண்டும்.

இரண்டாம் நாள்: நாகப்பட்டினத்திற்குத் தெற்கே, கட்டில் போட்ட கூடாரம்

சொகுசையும் கூடார வாழ்க்கையையும் ஒட்டவைத்து ஆங்கிலேயர் ஆக்கிக்கொண்ட ‘கிளாம்பிங்’ என்னும் சொல் இப்போது நம் கரைக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு ஓரிரவாவது நல்ல கட்டிலும் அருகிலேயே கழிப்பறையும் கிடைக்கட்டும் என்று அப்படிப்பட்ட இடம் ஒன்றில் ஓரிரவுக்கு 6,000 ரூபாய் கொடுத்து முன்பதிவு செய்திருந்தேன். அந்த இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இது போன்ற இடங்கள் இன்னும் பல வரவிருக்கின்றன. சொல்ல வேண்டியது அவை எல்லாவற்றுக்கும் பொது.

முதலில் அங்கே இருந்த நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சிமெண்டு மேடையின் மீது இரும்புச் சட்டம் பொருத்தி, கெட்டியான கித்தான் துணியால் சுவரும் கூரையும் அமைத்த விசாலமான கூடாரம். உள்ளே இரட்டைக் கட்டில், வெள்ளை விரிப்பு, மேசை விசிறி, குளிர்சாதனம். பின்புறத்தில் திரை விலக்கினால் குளியலறை. மூட்டுவலிக்காரரான அம்மா மேற்கத்திய பாணிக் கழிப்பறையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். நள்ளிரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டியிருக்கும் ஒரு பெண்மணிக்கு, யாரையும் எழுப்பாமல் தாமே போய்வர முடிகிற ஓர் இடம் கடலோரத்தில் கிடைப்பது சின்ன விஷயமன்று. முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் கடலின் பக்கத்தில் படுக்கவைக்கும் வசதியை இகழ எனக்கு மனம் வரவில்லை. சொகுசுக் கூடாரத்தை வெறுத்து எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை மூட்டுவலி இல்லாதவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

சங்கடம் இருட்டிய பிறகு தொடங்கியது. ஆறரை மணிக்கு ஜெனரேட்டர் உறுமியது. தென்னை மரங்களைச் சுற்றிச் சீரியல் விளக்குகள் எரிந்தன. கடலை நோக்கிய வேலியின் மேல் நான்கு ஃபோகஸ் விளக்குகள், அலை நுரை வெள்ளையாகத் தெரியும்படி, மணலின் மீது பாய்ந்தன. விருந்தினர்கள் அலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடாம். பன்னிரண்டரை மணி வரையிலும் அவை அணையவில்லை. அதன் பிறகும் இரண்டு விளக்குகள் பாதுகாப்புக்கென்று விடிய விடிய எரிந்தன. மகள் நட்சத்திரம் பார்க்க வெளியே சென்று, பார்க்க முடியாமல் திரும்பி வந்தாள்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு நானும் அவளும் அலையோரம் நடந்தோம். வேலியிலிருந்து ஏறக்குறைய நூறு அடி தள்ளி, ஈர மணலில் ஒரு தடம் கிடந்தது. டிராக்டர் சக்கரம் பதிந்ததைப் போல, ஒன்றரை முழ அகலத்தில், இடமும் வலமும் மாறி மாறித் துடுப்பு வைத்த அடையாளம். கடலிலிருந்து ஏறி வந்த அந்தத் தடம், விளக்கின் வட்டம் தொடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் வளைந்து, மணலைத் தோண்டிய குறி எதுவுமின்றி, மறுபடியும் கடலுக்கே திரும்பிப் போயிருந்தது. குனிந்து விரலால் அதன் ஓரத்தைத் தொட்டேன். நடுவே ஓடிய வழவழப்பான பகுதி அதன் அடிவயிறு இழைந்த இடம். திரும்பிய வளைவில் மட்டும் மணல் ஒரு கையளவு உயரத்துக்குக் குவிந்திருந்தது. அங்கே அது சற்று நேரம் நின்றிருக்க வேண்டும்.

வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

“பங்குனி ஆமண்ணே. முட்ட போட ஏறியிருக்கு. வெளிச்சத்தப் பாத்துட்டு எறங்கிருச்சு.”

“வேற எங்கயாவது போய்ப் போடும்ல மாமா?” என்று மகள் கேட்டாள்.

“போடும் பாப்பா. தெக்கால இருட்டாக் கெடக்குற எடமாப் பாத்துப் போடும். அலைஞ்சு திரிஞ்சு முடியாமப் போனா கடலுக்குள்ளயே விட்ரும்.”

தை, மாசி, பங்குனி மாதங்களில் நாகைக் கரையோரம் முட்டையிட வருவது இந்தச் சிற்றாமை. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கும் அதே முதல் பட்டியல் பாதுகாப்பு இதற்கும் உண்டு. தாய் ஆமை இருட்டான கரையையே தேர்ந்தெடுக்கிறது. குஞ்சுகளின் கதை இன்னும் வேதனையானது. மணலுக்குள்ளிருந்து இரவில் வெளிவரும் அவை, அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் கூடுதலோ அந்தப் பக்கம் ஓடும். ஆள் நடமாட்டமற்ற கரையில் அந்த வெளிச்சம் கடலின் மேல் இருக்கும். விளக்கு எரியும் கரையில் அவை வேலியை நோக்கி ஓடி, நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும்.

தண்ணீரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் சிறு நீச்சல் குளம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு குளியலறையிலும் ஷவர். கடலோர மணலுக்கடியில், உப்புநீரின் மேல் மழைநீர் ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. மீனவப் பெண்கள் மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடத்தில் மொண்டு வருவது அந்தப் படலத்தைத்தான். மேலாக மொண்டால் தித்திக்கும். மோட்டாரை வைத்து இறைத்தால் கீழே இருக்கும் உப்பு மேலேறி வரும். ஏறியது எளிதில் இறங்காது. நூறு பேர் ஆற அமர மொண்டு குடித்த ஊற்றைப் பத்துக் கூடாரங்களின் ஷவர்கள் உப்பாக்கிவிடக்கூடும்.

மேலாளர் இளைஞர், மரியாதையானவர். கணக்குத் தீர்க்கும்போது அந்தத் தடத்தைக் கைபேசிப் படத்தில் காட்டினேன். “சார், நெசமாவே எங்களுக்குத் தெரியாது சார்” என்றார். அவர் முகத்தைப் பார்த்தபோது அது உண்மை என்றே பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991 முதலே சொல்லிவருகின்றன. ஆனால் எந்த விளக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை இருட்டில் நின்று பார்க்கிறவர் ஒருவர் வேண்டும். என் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள்: வேதாரண்யம், சவுக்குத் தோப்பு

அம்மா பிறந்தது வேதாரண்யத்துக்கு அருகில். ஊர் நெருங்க நெருங்க வண்டிக்குள் அவருடைய பேச்சு கூடிக்கொண்டே வந்தது.

வழியில் அகத்தியம்பள்ளியில் நிறுத்தினோம். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜியின் தலைமையில் நடந்து வந்த தொண்டர்கள், ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளிக் கைதான இடத்தில் நினைவுத்தூண் நிற்கிறது. அதைச் சுற்றிலும் இன்றும் உப்பளங்கள். மழைக்காலத்தில் மூழ்கிக் கிடந்த பாத்திகளை இப்போதுதான் மிதித்துக் கெட்டிப்படுத்தி, வரப்புக் கட்டி, கடல்நீரைப் பாய்ச்சியிருந்தார்கள். ஒரு பாத்தியின் ஓரத்தில் நீரின் மேல் ஆடை கட்டியதைப் போல முதல் உப்பு பூத்திருந்தது. மகள் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

தங்கியது அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பிக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பில். ஊர் நாட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார் மாமா. கடற்கரைக் கிராமங்களுக்குக் கூடாரத்துடன் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. நமக்கு அது வெறும் மணல். அவர்களுக்கு அது படகு ஏற்றும் இடம், வலை காயவைக்கும் இடம், சாமி கும்பிடும் இடம். கேட்டுவிட்டுத் தங்கினால் பின்னிரவில் டார்ச்சுடன் வந்து யாரென்று விசாரிக்கிறவர்களே காலையில் மீனும் கொடுத்தனுப்புவார்கள். எங்களுக்குக் காலையில் ஒரு கூறு சங்கரா மீன் வந்தது.

சவுக்கின் கீழே விழுந்து மெத்தையாகிக் கிடக்கும் ஊசியிலைகளின் மேல் கூடாரம் விரிப்பது சுகம். மணல் உள்ளே வராது. ஆனால் அந்தச் சருகில் பொறி பட்டால் தோப்பே எரிந்துபோகும். ஆகவே அடுப்பைத் தோப்புக்கு வெளியே வெற்று மணலில் வைத்துத்தான் சமைத்தோம். குடிநீருக்கு ஊர்க் குழாயடியில் வரிசையில் நின்றோம். நிலத்தடி நீர் உப்பாகிவிட்ட இந்தப் பகுதிக்குக் கொள்ளிடத்து ஆற்றுப்படுகையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வருகிறது. ஓடிக் களைத்த காவிரியின் தண்ணீரைக் கடலோரத்தில் குடத்தில் பிடிக்கிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். “அந்தக் காலத்துலயும் கொளத்துத் தண்ணிதானே, இந்த ருசி ஏது” என்றார்.

மாலையில் திருமறைக்காட்டு ஈசன் கோயிலுக்குச் சென்றோம். திருவாரூருக்குத் தேரழகு என்பது போல வேதாரண்யத்துக்கு விளக்கழகு என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அணையப்போன விளக்கின் திரியை நெய் தின்ன வந்த எலி தன்னை அறியாமல் தூண்டிவிட்டு, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியாகப் பிறந்த கதையை அம்மா மகளுக்குச் சொன்னார்.

“அப்பாயி, அப்ப கரண்டு கெடையாதா?”

“எங்க கண்ணு இருந்துச்சு? சாயங்காலம் கோயில் விளக்கப் பாத்துட்டு வெளில வந்தா, கும்மிருட்டு. அந்த இருட்டுக்குத்தான் அந்த விளக்கு அழகு.”

திரும்பி வந்து ஒரே ஒரு அரிக்கேன் விளக்கை, கடலுக்கு மறைவாக, கூடாரத்தின் மேற்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். ஒன்பது மணிக்கு அதையும் அணைத்தோம். கண் பழகுவதற்குக் கால் மணி நேரம் பிடித்தது. பிறகு சவுக்கு மரங்களின் உச்சி தனித்தனியே தெரிந்தது. தெற்கே மரங்களுக்கு மேல் அகத்திய நட்சத்திரமும், உச்சிக்குச் சற்று மேற்கே சாய்ந்த திருவாதிரையும் தெரிந்தன. முந்தைய இரவு பார்க்க முடியாததை எல்லாம் மகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இருநூற்றுச் சொச்சத்தில் தூங்கிப்போனாள்.

நான்காம் நாள்: கோடியக்கரை

கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் கூடாரம் அடிக்க முடியாது, அடிக்கவும் கூடாது. வனத்துறையின் தங்கும் விடுதியில் அறை எடுத்தோம்.

நாகையிலிருந்து தெற்கு நோக்கி வரும் கரை, இங்கே சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. உலக்கைப் பாலை நிறைந்த உலர் பசுமைக்காடு, அதற்குப் பக்கத்திலேயே புல்வெளி, அதற்கு அப்பால் சேற்று நிலம் என்று நடந்தே பார்த்துவிடும் தூரத்தில் மூன்று உலகங்கள். வெளிமானுக்காக 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம்; 2002இல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காலையில் புல்வெளியில் முறுக்குக் கொம்புள்ள கறுத்த ஆண்மான் ஒன்று தலையை உயர்த்தி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. பெண்மான்கள் அதைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன. சேற்றில் நூற்றுக்கணக்கான பூநாரைகள். ஆனால் என் கண் அவற்றின் காலடியில் ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான்களிடமே போனது. ஓர் எலுமிச்சம்பழத்தின் எடைகூட இல்லாத அந்தப் பறவை ஆர்க்டிக் பகுதியிலிருந்து இங்கே வந்து, பங்குனி, சித்திரையில் திரும்பிப் போகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழியை அறிந்துவருகிறார்கள்.

குழகர் கோயிலில் அம்மா சற்று நேரம் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தார். “கடல் காத்துல துணைக்கு ஆளில்லாம இருக்கீரேன்னு பாடுன சுந்தரரே வருத்தப்பட்டாரு. நாம ஒருநாள் வந்து உக்காந்துட்டுப் போனா என்ன” என்றார்.

இரவில் வனத்துறையினரின் அனுமதியுடன், முட்டை தேடி நடக்கும் குழுவினருடன் நானும் மகளும் சென்றோம். மனைவி அம்மாவுக்குத் துணையாக அறையில் இருந்தார். குழுவில் வனக் காவலர் ஒருவரும் கல்லூரி மாணவர்கள் மூவரும் இருந்தார்கள். சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய ஒரே ஒரு டார்ச். அதையும் தேவையின்றி எரிப்பதில்லை. கைபேசிகளை எல்லாம் பைக்குள் போடச் சொல்லிவிட்டார் காவலர். அலை ஓசையைத் தவிர வேறொன்றும் இல்லாத கரையில், நுரை தானே மங்கலாக ஒளிர்வதை வைத்துக்கொண்டு நடந்தோம்.

இரண்டு மணிக்கு மேல் முன்னால் போன மாணவர் கையை உயர்த்தினார். எல்லோரும் மணலில் குந்தினோம். தடம் அலையிலிருந்து ஏறிப் போயிருந்தது; இந்த முறை திரும்பிவரவில்லை. முட்டையிடத் தொடங்கும் வரையில் அருகே போகக் கூடாது என்றார் காவலர். தொடங்கிவிட்டால் அது எழுந்து போகாதாம். இருபது நிமிடம் காத்திருந்து, பின்புறமாக ஊர்ந்து நெருங்கினோம்.

ஓடு இரண்டடி நீளம் இருக்கும். அதன் மேல் ஈர மணலும் ஒரு துணுக்குப் பாசியும் ஒட்டியிருந்தன. பின்துடுப்புகள் இரண்டும் குழியின் ஓரத்தில் அகன்று கிடந்தன. அவற்றின் நுனி ஒவ்வொரு முட்டைக்கும் சற்றே சுருண்டு விரிந்தது. இரண்டு, மூன்றாக வெள்ளை முட்டைகள் பளபளத்துக்கொண்டு விழுந்தன. நடுநடுவே நீண்ட பெருமூச்சு, நம் வீட்டுக் கட்டிலில் யாரோ புரண்டு படுத்து விடும் மூச்சைப் போல. கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்து மணலில் கோடிட்டிருந்தது. உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றும் நீர் அது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மகளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். முட்டையிட்டு முடிந்ததும் துடுப்பால் மணலைத் தள்ளி மூடி, உடம்பை இடமும் வலமும் தூக்கித் தூக்கிப் போட்டுத் தரையைத் தட்டியது. திண்ணைக்குக் கட்டை கொண்டு மண் தட்டும் ஓசை அப்படியே அதுதான். பிறகு தடுமாறித் தடுமாறி இறங்கி, மூன்றாவது அலையில் மறைந்தது.

மாணவர்கள் உடனே வேலையில் இறங்கினார்கள். நாயும் நரியும் வருவதற்கு முன்பு முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றையும், விழுந்த வாக்கிலேயே, புரட்டாமல் எடுத்து வாளியில் அடுக்கினார்கள். மகள் எண்ணினாள்: நூற்றுப் பதினேழு. பொரிப்பகத்தில், தாய் தோண்டியதைப் போலவே கழுத்துச் சிறுத்து வயிறு பெருத்த சொம்பு வடிவத்தில், ஒன்றரை அடி ஆழத்துக்குக் கையை விட்டுத் தோண்டினார்கள். குஞ்சு பொரிக்க ஏறக்குறைய ஐம்பது நாள் ஆகும். மணலின் சூட்டைப் பொறுத்தே குஞ்சு ஆணா பெண்ணா என்பது அமையும். சூடு கூடினால் பெண்.

விடிந்ததும் மகள் அப்பாயியின் கட்டிலில் ஏறி உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள், முந்தாநாள் பார்த்த திரும்பிய தடத்தையும் சேர்த்து. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“புள்ள பெக்குற எடத்துல ஊரே வெளக்கப் போட்டுக்கிட்டு நின்னா, எந்தப் பொம்பள தம்பி பெத்துக்குவா?”

ஐந்தாம் நாள்: முத்துப்பேட்டை

ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறை அனுமதியுடன் படகில் கோரையாற்றின் வழியே லகூன் எனப்படும் காயல் வரை போய்வந்தோம். காவிரியின் கிளைகள் கடைசியாகக் கடலோடு கலக்கும் இந்தச் சேற்றில், அலையாத்திக் காடு இருபுறமும் சுவராக நிற்கிறது. அலையை ஆற்றுவதால் அலையாத்தி. சேற்றிலிருந்து பென்சில்களைப் போல மேல்நோக்கி நிற்கும் மூச்சு வேர்களைக் காட்டி, சேற்றுக்குள் காற்று இல்லாததால் மரம் அவற்றின் வழியே மூச்சு விடுகிறது என்று படகோட்டி விளக்கினார். ஓர் இலையைத் திருப்பி நக்கிப் பார்க்கச் சொன்னார். உப்பு. வேர் குடித்த உப்பை இலை வெளியேற்றுகிறது. நேற்றிரவு பார்த்த கண்ணீரை மகளே நினைவுபடுத்தினாள். காடு அழிந்த இடங்களில் மீன் முள்ளைப் போல நடுவே ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களும் வெட்டி, ஓத நீரை உள்ளே விட்டு, கரையோரம் கன்று நட்டிருக்கிறார்கள். மதியத்துக்குள் திரும்பிவிட்டோம்.

இரவு நண்பர் ஒருவருடைய தென்னந்தோப்பில் கடைசிக் கூடாரம். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரை கடந்தபோது, இந்தத் தோப்பில் நின்ற முந்நூற்றுச் சொச்சம் மரங்களில் பதினெட்டு மட்டுமே மிஞ்சின. மீதி அனைத்தும் ஒரே திசையில் தலைவைத்துச் சாய்ந்து கிடந்ததை நண்பர் கையை நீட்டிக் காட்டினார். மறு ஆண்டு நட்ட கன்றுகள் இப்போது பாளை விட்டிருக்கின்றன. வயதான மரங்களும் கன்றுகளும் கலந்து நிற்கும் அந்தத் தோப்பில் வானம் நிறையத் தெரிந்தது.

“காங்கிரீட்டுல ரூம் கட்டி விடுங்கன்னு சொல்றாங்க. கட்டுனா, காத்து வர்றப்ப அதை எங்க தூக்கிட்டுப் போறது? உங்க கூடாரத்தச் சுருட்டி வண்டியில போட்டுக்கிட்டு மேட்டுக்குப் போயிறலாம்ல” என்றார் நண்பர். அவரிடம் ஆறு கூடாரங்களும், தரையில் புதைக்காத ஒரு மேடையும், அம்மா போன்றவர்களுக்காக இரண்டு மேற்கத்தியக் கழிப்பறைகளும் கொண்ட ஓர் ஏற்பாட்டைத் தை மாதத்திலிருந்து பங்குனி வரை மட்டும் நடத்தும் எண்ணம் இருக்கிறது. மேடையைச் சவுக்குக் கழிகளால் கட்டலாம் என்றார். பந்தல்காரர்கள் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற வேலைதானே, ஒரே நாளில் கட்டி ஒரே நாளில் பிரிக்கலாம். இருவரும் ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் படம் போட்டுப் பார்த்தோம். ஷவர் வேண்டாம், வாளியும் குவளையும் போதும் என்று எழுதிக்கொண்டோம்.

எட்டரை மணிக்குக் கைபேசி ஒலித்தது. இரண்டாம் நாள் தங்கிய இடத்தின் மேலாளர்.

“சார், அந்த ஆமை விஷயமா மொதலாளிகிட்டப் பேசினேன். எந்த மாசம் வரைக்கும் சார் அது வரும்?”

தை முதல் பங்குனி வரை என்றேன். குஞ்சு வெளிவர ஐம்பது நாள் என்பதால் வைகாசி முடியும் வரை கவனமாக இருக்கச் சொன்னேன்.

“வெளக்க மொத்தமா அணைக்கச் சொன்னா ஒத்துக்க மாட்டாரு சார். வேற வழி இருக்கா?”

கடலைப் பார்த்திருக்கும் நான்கு விளக்குகளையும் கழற்றிவிடலாம். நடைபாதைக்கு முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், மூடி போட்டு, கீழே மட்டும் விழும்படி மஞ்சள் அல்லது சிவப்பு விளக்கு வைக்கலாம். கூடாரத் திரைகளை இரவில் இறக்கிவிடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுதிக்கொள்கிறார் என்பது மறுமுனையின் மௌனத்தில் தெரிந்தது. “முழங்கால் ஒயரம்னா எத்தன அடி சார்?” என்று கேட்டார். மகள் எழுந்து நின்று தன் முழங்காலைக் காட்டினாள். நண்பர் டேப்பை எடுத்து அளந்தார்.

“ஒன்றரை அடி” என்றேன்.